நாற்பது பேர் கூடக்கூடாத அறை

எனக்கு ஒழுங்காக எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்துப் பிழை இருக்கும். முன்னுக்குச் சொல்ல வேண்டியது பின்னுக்கு வரும். சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நான்கு பேருக்கு முன்னால் வாய் திறக்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கடதாசி என் முகத்தைப் பார்க்காது. அதனால் கடதாசியோடு கதைக்கிறேன்.

சொல்ல வந்தது என் அறையைப் பற்றி.

மகளின் வீடு நோர்வேயில், குரோருட் என்கிற இடத்தில், ஒரே மாதிரி ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. மேலே இரண்டு படுக்கையறை. ஒன்றில் மகளும் மருமகனும், மற்றதில் பேத்திகள் இருவரும். நான் இங்கே வந்த முதல் வருடம் ஹோலில் கிடந்த செற்றியில் படுத்தேன். மருமகன் உதைபந்தாட்டம் பார்க்கிறவர். அவர் முன்னால் நான் காலை நீட்டிப் படுப்பேனா. அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மேலே போகும்வரை செற்றியின் ஓரத்தில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி இருப்பேன். அவரோ, மாமி இருக்கிறா, சட்டென்று எழும்பிப் போனால் மரியாதை இல்லை என்று இன்னொரு ஆட்டத்தைப் போடுவார். இப்படி ஒருவருக்கொருவர் கொடுத்த மரியாதையால் இரண்டு பேரும் அந்த வருடம் முழுக்க நித்திரையில்லாமல் கெட்டோம்.

சேலை மாற்றுவதற்குக் குளியலறை. அழுவதற்கும் குளியலறை. அதற்கும் வெளியே வரிசை.

கீழே நிலவறையில் பழைய சாமான் போடுகிற அறை ஒன்று இருந்தது. மகள் அதிலிருந்த பெட்டிகளையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் எடுத்து வேறு மூலையில் அடுக்கிவிட்டு, சுவருக்கு வெள்ளை அடித்து, எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தந்தாள். அந்த அறைக்குக் கதவு இருந்தது. கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டியும் இருந்தது. அந்தக் கொண்டியை முதல் நாள் போட்டுவிட்டுக் கட்டிலில் இருந்தபோது எனக்கு வந்த நிம்மதியை எழுத என் ஐந்தாம் வகுப்புப் போதாது.

யன்னல் உயரத்தில் இருந்தது. உள்ளே நின்று பார்த்தால் தோளுக்கு மேலே. வெளியே நின்று பார்த்தால் அது நிலமட்டம். அதனால் எனக்கு ஆட்கள் தெரியமாட்டார்கள், கால்கள்தான் தெரியும். வெட்கப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல யன்னலை யாரும் செய்து தர முடியாது. அயலவர் எல்லோரையும் நான் சப்பாத்தை வைத்தே அறிந்தேன். பச்சை றப்பர் சப்பாத்துக்காரர் நாயோடு காலையில் போவார். வெள்ளிச் சப்பாத்துப் பெண் எப்போதும் ஓடுவாள். யாருக்கும் நான் சிரிக்கத் தேவையில்லை, யாரும் எனக்குச் சிரிக்கத் தேவையில்லை.

ஆனால் சட்டப்படி அது சாமான் அறை. சாமான் படுக்கலாம், மனிசர் படுக்கக் கூடாது. அதை மனிசர் படுக்கும் அறையாக மாற்ற, இங்கே கொம்யூன் என்று சொல்கிற மாநகரசபையின் கட்டட அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். என் மகள் சிவப்பு விளக்கில் ஆளில்லாத தெருவிலும் நிற்கிற பிள்ளை. உடனே விண்ணப்பித்தாள். பதில் வந்தது. விண்ணப்பம் கிடைத்தது, வரிசையில் இருக்கிறது, அனுமதி வரும்வரை அந்த அறையில் ஒருவரும் படுக்கக் கூடாது.

இரண்டு பனிக்காலம் நான் அந்த அறையில் படுத்தபடியே அனுமதிக்குக் காத்திருந்தேன். மகள் இடைக்கிடை தொலைபேசியில் கேட்பாள். வரிசையில் இருக்கிறது என்பார்கள். அந்த வரிசையில் நிற்கிற மற்றவர்களை நான் நினைத்துப் பார்ப்பேன். எல்லோரும் ஒவ்வொரு நிலவறையில், படுக்காத மாதிரிப் படுத்துக்கொண்டு.

பிறகு ஒரு நாள் மகள் வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அந்தக் கட்டட ஒஃபிசுக்கு இப்ப சோதினையாம்."

"ஆர் சோதிக்கிறது?"

"வெளியில இருந்து ஒரு குழு. இவையள் வீடு வாசலை ஒழுங்கா பாத்து அனுமதி குடுக்கினமோ எண்டு பாப்பினம். சரியெண்டால் அங்கீகாரப் பத்திரம் குடுப்பினம்."

"அந்தக் குழு ஒழுங்கானதோ எண்டு ஆர் பாக்கிறது?"

மகள் கயிற்றை விட்டுவிட்டு யோசித்தாள். "அதுக்கும் ஆக்கள் இருப்பினம்."

"அவையளை?"

"அம்மா, எனக்கு பஸ் போகப்போகுது."

அங்கீகாரம் என்ற சொல் பெரிய சொல். எனக்கு விளங்கின அளவில் அது இதுதான். எங்கள் யன்னல் மனிசர் படுக்கிற அறைக்குச் சரியா என்று பார்க்க ஒருவன் வருவான். அவன் பார்க்கிற விதம் சரியா என்று அவனுடைய தலைவி பார்ப்பா. அவ பார்க்கிறதைப் பார்த்து எழுத இன்னொருவர் வருவார். அவர் ஒரு வீட்டுப் பார்வையை நேரில் காண வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அலுவலகத்தில் உடனே கோப்புகளைக் கிளறியிருக்கிறார்கள். இரண்டு பனிக்காலம் குறட்டை விட்டுக் கிடந்த எங்கள் கோப்பு திடுக்கிட்டு எழும்பி, முகம் கழுவி, தலைவாரி, முன்னுக்கு வந்து நின்றுவிட்டது. வியாழக்கிழமை வருகிறோம் என்று அறிவித்தல் வந்தது.

அன்று பின்னேரம் வீட்டில் யோசனை. நான் அங்கே படுக்கிறது தெரிந்தால் உடனே எழுப்பிவிடுவார்கள் என்று மகள் பயந்தாள். எழுப்பிவிட்டால் எனக்கு மறுபடியும் செற்றிதான். யோசனை சொல்லுகிற வேலையை மருமகன் எடுத்துக்கொண்டார். அவர் பஸ் ஓட்டுகிறவர். சோதனைக்காரரைத் தனக்குத் தெரியும் என்கிற எண்ணம் அவருக்கு உண்டு.

"வெறும் அறையைக் காட்டினா நம்பமாட்டினம். ஆரின்ர வீட்டில, மாமி, ஒரு அறை சும்மா கிடக்குது? சாமியறை எண்டு காட்டுவம். சாமிப் படத்தில கை வைக்க இஞ்சை ஒருத்தனுக்கும் துணிவு வராது."

"விண்ணப்பத்தில படுக்கையறை எண்டெல்லோ கேட்டிருக்கிறம்," என்றாள் மகள்.

"அனுமதி வருமட்டும் சாமி இருக்கிறார், வந்தாப்பிறகு மாமி இருப்பா. அவ்வளவுதான்."

"சாமியை வாடகைக்கு வைக்கிறியள். பொய்க்குச் சாமியையே கூட்டிக்கொண்டு வாறியள்."

"சாமி ஒரு பொய்யும் சொல்லாது. அது பேசாம இருக்கும். கதைக்கப்போறது நான்தானே."

அங்கேதான் பிழை வரப்போகிறது என்று எனக்கு அப்போதே பட்டது.

எங்கள் வீட்டுச் சாமிகள் அதுவரை இருந்தது குசினி அலுமாரியின் மேல்தட்டில், அரிசிக்கும் பருப்புக்கும் மேலே. கும்பிடும்போது கதவைத் திறப்பது, கும்பிட்டுவிட்டு மூடுவது. புகை மணியடிக்கும் என்று ஊதுபத்தியைப் பாதியில் அணைத்துவிடுவோம். அவர்களை எல்லாம் துடைத்துக் கீழே கொண்டுபோனோம். கட்டிலை எடுக்கப் பார்த்தால் முடியவில்லை. மருமகன் அந்த அறைக்குள்ளேயே வைத்துத் துண்டு துண்டாகப் பூட்டிய கட்டில். அவர் பூட்டிய ஒன்றை அவர் உட்பட ஒருவராலும் கழற்ற முடியாது. மெத்தையை மட்டும் எடுத்து அயல் வீட்டாருக்குத் தெரியாமல் காருக்குள் திணித்தார்கள். கட்டிலின் மேல் பலகை போட்டு, என் கூறைச்சேலையை விரித்து, அதைப் பீடம் ஆக்கினார்கள்.

சாமிகளை வரிசைப்படுத்துவதில் ஒரு வழக்கு வந்தது. பிள்ளையாரைத் தலைமாட்டில் வைத்தார்கள். முருகன் இரண்டு பெண்சாதிகளோடும் நடுவில். லட்சுமி வந்து நின்றது கால்மாட்டில்.

"லட்சுமியைக் கால்மாட்டில வைக்கிறதே," என்றாள் மகள்.

"அப்ப சரஸ்வதியை வைக்கிறன்."

"பிள்ளையளுக்குச் சோதினை வருது."

"சிவனை?"

மகள் பார்த்த பார்வையில் மருமகன் சிவனைத் தூக்கி மேலே வைத்தார். கடைசியில் கால்மாட்டில் ஒரு குத்துவிளக்கை வைத்தோம். அதற்கு மட்டும் மனவருத்தம் இல்லை. அது கால்மாடு என்று தெரிந்தது எங்களுக்கு மட்டும்தானே. ஆனாலும் எங்களுக்குத் தெரிந்தது சாமிக்கும் தெரியும் என்று ஒரு பயம்.

வியாழக்கிழமை வந்தது. சித்திரை மாதம். பனி உருகிக் கறுத்து ஓரங்களில் கிடந்தது. பனிக்காலத்தில் வழுக்காமல் இருக்கப் போட்ட சிறுகல் நடைபாதை முழுக்க. நான் அறைக்குள் நின்று யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சோடிச் சப்பாத்து வந்தது. முதலாவது சேறு காய்ந்த வேலைச் சப்பாத்து. இரண்டாவது துடைத்த கறுப்பு, சின்னக் குதி. மூன்றாவது மெல்லிய அடியுள்ள மண்ணிறத் தோல் சப்பாத்து, தண்ணீர் தேங்கிய இடங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. கறுப்புச் சப்பாத்து மண்ணிறச் சப்பாத்துக்கு ஒதுங்கி வழி விட்டது. வேலைச் சப்பாத்து இரண்டுக்கும் ஒதுங்கி நேரே குட்டைக்குள் இறங்கியது. யார் யாருக்குப் பயம் என்று முகம் பார்க்காமலே எனக்கு விளங்கிவிட்டது.

நான் படியேறி வரும்போது வாசலில் சப்பாத்தைக் கழற்றினார்கள். நல்ல பழக்கம். ஆனால் கழற்றினபோது மண்ணிறச் சப்பாத்துக்காரரின் காலுறையில் ஒரு ஓட்டை. ஊரில் உள்ள குறையெல்லாம் எழுத வந்தவருடைய பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார். பிறகு அன்று முழுக்க அந்தக் காலை மற்றக் காலால் மறைத்துக்கொண்டே நின்றார்.

வேலைச் சப்பாத்துக்காரன் தாடி வைத்த பொடியன், அவன்தான் யன்னலைப் பார்க்க வந்த பார்வையாளன். கறுப்புச் சப்பாத்து அவனுடைய தலைவி. ஓட்டைக் காலுறை வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர். அவர்கள் கதைத்தது எனக்குப் பாதி விளங்கும். மீதியை மகள் என் காதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள்.

பார்வையாளன் சிரித்தபடி கை கொடுத்து உள்ளே வந்தான். அட்டையைக் காட்டினான். மதிப்பீட்டாளர் தலைவியிடம் மெல்லக் கேட்டார்: அட்டையைக் காட்டுவது வாசலைத் தாண்டும் முன்பா, தாண்டின பிறகா, உங்கள் நடைமுறையில் எப்படி இருக்கிறது? தலைவி கையில் இருந்த பலகைக் கணினியைத் தடவிப் பார்த்தா. முன்பு என்று இருந்தது. மூன்று பேரும் மறுபடியும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். மணியடித்தார்கள். மகள் திறந்தாள். அவன் புதிதாகச் சிரித்து, புதிதாகக் கை கொடுத்து, அட்டையைக் காட்டினான். மூன்று பேரும் மறுபடியும் கழற்றினார்கள். நல்ல நாள் பார்த்துக் குடிபுகுகிற ஆட்களும் இத்தனை தரம் படி ஏறியிருக்கமாட்டார்கள்.

கீழே வந்தால் அறை ஒரே புகை. சாமியறை என்று நம்பவேண்டும் என்பதற்காக மருமகன் சாம்பிராணியை அள்ளிப் போட்டிருந்தார். ஆட்கள் உள்ளே கால் வைக்கவும் புகைமணி கூவத் தொடங்கியது. மருமகன் துவாயால் விசுக்கினார். மகள் கதிரையில் ஏறினாள். பார்வையாளன் மட்டும் சந்தோஷமாக எழுதினான், புகைமணி வேலை செய்கிறது என்று. அன்று அந்த வீட்டில் அவனுக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது.

"இந்த அறையை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டான்.

"கும்பிடுறதுக்கு," என்றார் மருமகன்.

அவ்வளவோடு விட்டிருந்தால் ஊர் உலகத்துக்கு நல்லது. அந்தப் பொடியனும் விடத்தான் பார்த்தான். குடும்பம் கும்பிடுகிற இடம் என்று எழுதிவிட்டு இடுப்பில் இருந்த அளவுநாடாவில் கை வைத்தான். மதிப்பீட்டாளர் தொண்டையைச் செருமினார். எத்தனை பேர் என்று கேட்க வேண்டாமா என்பது மாதிரி ஒரு செருமல். பொடியன் கையை எடுத்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு குணம். சாமி காரியத்துக்கு எத்தனை பேர் வந்தது என்று கேட்டால் குறைத்துச் சொல்ல வாய் வராது. கலியாண வீடோ, சாமத்திய வீடோ, பூசையோ, கொஞ்சப் பேர்தான் வந்தது என்று சொன்னால் அது வீட்டுக்காரனுக்கு மானக்கேடு. கேட்கிறவர் யார், எதற்குக் கேட்கிறார் என்பதெல்லாம் அப்போது நினைவில் நிற்காது. மருமகன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"வெள்ளிக்கிழமையில அக்கம்பக்கம் எல்லாம் வரும். பக்கத்து ஊர் ரொம்சோஸில இருந்தும் வருங்கள். நவராத்திரிக்கு எண்டால் நாற்பது பேருக்குக் குறையாது."

மகள் என் கையைக் கிள்ளினாள். தன் கை என்று நினைத்திருப்பாள்.

அந்த அறையில் நானும் என் செருப்பும் நின்றாலே திரும்ப இடமில்லை. அப்போது அதில் நின்ற ஆறு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டு நின்றோம். நாற்பது பேர் என்பது கூரையில் தொங்கினால்தான் முடியும். அதை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மதிப்பீட்டாளர் தலைவியைப் பார்த்தார். தலைவி பலகைக் கணினியைப் பார்த்தா. மக்கள் கூடும் இடம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். பொடியன் பாவம், அதில் புள்ளடி போட்டான்.

அந்தப் புள்ளடியைப் போட்டதும் கேள்விகள் குட்டி போட்டு வந்தன. கூடும் இடம் என்றால் இரண்டாவது வாசல் எங்கே? கதவு வெளிப்பக்கம் திறக்குமா? ஓடுகிற மனிதன் படம் போட்ட பச்சை விளக்கு எங்கே? நாற்பது பேரும் வந்தால் வாகனங்களை எங்கே விடுவார்கள்? மருமகன் வாயைத் திறந்து திறந்து மூடினார். சாமிகள் சொன்னபடி பேசாமல் இருந்தார்கள்.

அளவுநாடா அவன் இடுப்பிலேயே தொங்கியது. யன்னலைப் பார்க்க வந்தவர்கள் யன்னலைப் பார்க்கவே இல்லை. பொடியன் கட்டங்களைப் பார்த்தான், தலைவி அவனைப் பார்த்தா, மற்றவர் இரண்டு பேரையும் பார்த்து எழுதினார். அத்தனை படித்த கண்களுக்கும் இடையில் யன்னல், சீதனம் பேசுகிற இடத்தில் பெண்ணை மறந்த மாதிரி, தன்பாட்டில் மூலையில் நின்றது.

எனக்கு மண்டைக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நாற்பது பேர். என் அறைக்குள் நாற்பது பேர். நான் கொண்டி போடுகிற கதவுக்குப் பின்னால், என் கட்டிலைச் சுற்றி நாற்பது பேர் சப்பாணி கொட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று அரசாங்கக் கோப்பில் ஏறுகிறது. பொய்தான். ஆனால் எழுதிவிட்டால் அது அங்கே இருக்கும். நான் கொண்டியைப் போட்டுவிட்டுப் படுக்கும்போது அந்த நாற்பது பேரும் உள்ளுக்குள்ளேயே இருப்பார்கள்.

அப்போது மதிப்பீட்டாளர் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். ஏதோ ஒன்றைக் கேட்டு முடித்துவைக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்.

"இந்த அம்மா எங்கே படுக்கிறவர்?"

"மேலே," என்று மகள் தொடங்கினாள்.

'இங்கே' என்பதற்கு நோர்வே மொழியில் ஒரு சின்னச் சொல் இருக்கிறது. வாயை அதிகம் திறக்கத் தேவையில்லை. அதனால்தான் சொல்லத் துணிவு வந்தது என்று நினைக்கிறேன். நான் அதைச் சொன்னேன். சொல்லிவிட்டு, கூறைச்சேலையின் ஒரு தலைப்பைத் தூக்கிக் கட்டில் காலைக் காட்டினேன்.

மருமகன் பிள்ளையாரைப் பார்த்தார், நீயாவது ஏதாவது செய் என்பது மாதிரி. தாடிப் பொடியனுடைய முகத்தில்தான் முதலில் உயிர் வந்தது. கோயிலைவிடக் கிழவி லேசு என்று அவனுக்குப் பட்டிருக்கும். புள்ளடியை அழித்தான். அளவுநாடாவை உருவினான். நேரே யன்னலுக்குப் போனான்.

யன்னலின் அகலமும் உயரமும் போதும் என்றான். திறந்து பார்த்தான், திறந்தது. தரையிலிருந்துதான் உயரம் அதிகம். நெருப்புப் பிடித்தால் படுக்கிறவர் ஒருவர் உதவியும் இல்லாமல் அந்த யன்னல் வழியாக வெளியே போக வேண்டும்.

"நான் தூக்கி விடுவன்," என்றார் மருமகன்.

உதவி கணக்கில் வராது என்றான்.

பிறகு அவர்கள் மூன்று பேரும் என்னைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். இந்த வயதில் ஏறுவாரா. ஏறமாட்டார் என்று எடுத்துக்கொள்வதா. வயதைக் கணக்கில் எடுக்க நடைமுறையில் இடம் இருக்கிறதா. எடுக்காவிட்டால் பிழையா. நான் அவர்களுக்கு நடுவில் நின்றேன், சந்தையில் பல்லுப் பிடித்துப் பார்க்கிற மாடு மாதிரி. மதிப்பீட்டாளர் அதுபற்றிய பகுதியை வாசித்துக் காட்டச் சொன்னார். தலைவி வாசித்தா. நீளமான பகுதி.

"அம்மா, என்ன செய்யிறியள்?" என்றாள் மகள்.

நான் பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, யன்னல் பக்கம் கிடந்த கட்டிலில் ஏறியிருந்தேன். படம் வைத்திருந்த முக்காலியை எடுத்துப் பலகையின் மேல் வைத்து அதில் ஏறினேன். சேலையைக் கொய்து இடுப்பில் செருகினேன். மூன்று அந்நிய மனிசருக்கும் ஒரு மருமகனுக்கும் முன்னால். அதை எப்படிச் செய்தேன் என்று இன்று நினைத்தால் முகம் கொதிக்கிறது. ஆனால் அன்று எனக்குச் செற்றி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தலை போனது, தோள் போனது, மற்றதும் போனது. சிறுகல் உள்ளங்கையில் குத்த நான் வெளியே வந்துவிட்டேன்.

நிமிர்ந்தால் பச்சை றப்பர் சப்பாத்து. அதற்கு மேலே முதன்முதலாக ஒரு முகம் இருந்தது. வெள்ளை மீசை, பெரிய மூக்கு. நாய் என்னை மணந்தது. நிலத்துக்குள்ளிருந்து சேலை உடுத்த ஒரு கிழவி நான்கு காலில் வெளியே வருகிறாள், புகையும் பின்னால் வருகிறது. அவர் என்னைப் பார்த்து "ஹை" என்றார். நானும் "ஹை" என்றேன். நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். இந்த நாட்டாரிடம் எனக்குப் பிடித்ததே இந்தக் குணம்தான்.

சுற்றி வந்து முன்கதவைத் தள்ளினேன். பூட்டியிருந்தது. மணியடித்தேன். ஒருவரும் வரவில்லை. காலுறையோடு ஈரத்தில் நின்று மறுபடியும் அடித்தேன். கீழே என் யன்னலால் பேச்சுக் கேட்டது. நான் வெளியே போனதை எழுதலாமா, எழுதக்கூடாதா என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் குடியிருப்பவரை ஏறச் சொல்லக் கூடாது என்று ஒரு விதி. நான் சொல்லவில்லை, அவவாக ஏறினா என்று பொடியன். அப்படியென்றால் ஏன் தடுக்கவில்லை என்று மற்றவர். நெருப்புப் பிடித்தால் நான் வெளியே போவேனா என்று பார்க்க வந்தவர்கள், வெளியே போனவளை உள்ளே எடுக்க மறந்துவிட்டார்கள்.

கடைசியில் மகள்தான் ஓடிவந்து திறந்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியாது.

"உங்களுக்கு வெக்கம் எண்டெல்லோ நினைச்சன்," என்றாள்.

"இருக்கு. தண்ணி கொதிக்க வை," என்றேன்.

தேத்தண்ணியை மூன்று பேரும் மறுத்துவிட்டார்கள். பார்வைக்கு வந்த வீட்டில் ஒன்றும் வாங்கிக் குடிக்கக் கூடாதாம். தாடிப் பொடியன் மட்டும் கோப்பையைப் பார்த்த பார்வையில் அவன் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று தெரிந்தது.

கொஞ்ச நாளில் அலுவலகத்துக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று மகள் சொன்னாள். ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வைக்க அங்கே போனவள் கண்ணால் கண்டது. அங்கீகாரப் பத்திரத்தைப் பெரிய சட்டம் போட்டு, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருந்ததாம். அதற்குக் கீழே, பச்சை விளக்கில் ஓடுகிற மனிதன் படம் போட்ட கதவு. அந்தக் கதவுக்கு முன்னால், ஆள் உயரத்துக்குக் கோப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்ததாம்.

"நீ சொல்லேல்லையே அவையளுக்கு?" என்றேன்.

"சொன்னனான். விண்ணப்பம் போடச் சொல்லிச்சினம்," என்றாள். அது பகிடியா உண்மையா என்று நான் கேட்கவில்லை.

எனக்கும் கடிதம் வந்தது. அறையில் ஒருவர் படுக்கலாம். யன்னலுக்குக் கீழே அசையாத படி ஒன்று வைக்க வேண்டும். பனிக்காலத்தில் யன்னலுக்கு வெளியே பனியைத் தள்ளிவிட வேண்டும். படியை மருமகனே செய்தார். அதனால் அதை இனி ஒருவராலும் அசைக்க முடியாது. சாமிகள் மறுபடியும் அரிசிக்கு மேலே ஏறிவிட்டார்கள்.

கடிதத்தின் கடைசியில் இன்னும் ஒரு வரி. பார்வையின்போது குறிப்பிடப்பட்ட நாற்பது பேரைப் பொறுத்தவரை, இந்த அறையை மக்கள் கூடும் இடமாக எக்காலத்திலும் பயன்படுத்தக் கூடாது. அழித்த புள்ளடி எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மகள் அதை மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, பிழை, திருத்தச் சொல்லி எழுதுவோம் என்றாள். நான் விடவில்லை. என் வாழ்நாளில் எந்த அரசாங்கமும் எனக்காக இவ்வளவு நல்ல சட்டம் போட்டதில்லை.

இப்போது விசேஷம் என்று ஆட்கள் வந்து, அம்மா எங்கே, கீழேயா, எல்லாருமாப் போய்ப் பார்ப்பம் என்று படியிறங்கினால், மருமகன் குறுக்கே நிற்கிறார். கொம்யூன் தடை என்கிறார். முதலில் சிரிப்பார்கள், பிறகு கடிதத்தைக் கண்டதும் ஒருவர் பின்னால் ஒருவர் மேலே ஏறிவிடுவார்கள். பச்சை றப்பர் சப்பாத்துக்காரர் மட்டும் யன்னலுக்கு நேரே வரும்போது ஒரு காலை லேசாகத் தட்டிவிட்டுப் போகிறார். அது ஒருவர்தானே, விதிக்குள் அடங்கும்.

நான் எழுதியதில் யன்னல் விதி சரியா, அட்டையைக் காட்டுவது வாசலுக்கு முன்பா பின்பா, கடிதத்தில் இருக்கிறது நாற்பதுதானா என்பதெல்லாம் எனக்கு உறுதியில்லை. நோர்வே மொழி நன்றாக வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருமுறை வந்து சரிபார்த்தால் நல்லது. உள்ளே வரவேண்டாம். கடிதத்தைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நின்றபடியே வாசித்துவிட்டு, பிழை இருந்தால் மகளிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.